பிரெஞ்சுக் கூட்டுச்சொற்களில் அசையும் அழுத்தமும்

(திரையில்: ஆர்க் – ஆன் – சியெல்)

வானவில்லைக் குறிக்கும் இந்தப் பிரெஞ்சுக் கூட்டுச்சொல்லில் வில்லைச் சுட்டும் 'ஆர்க்', வானத்தைச் சுட்டும் 'சியெல்', இரண்டையும் இணைக்கும் 'ஆன்' என மூன்று சொற்கள் உள்ளன. எழுத்தில் இணைப்புக்கோடுகள் எல்லை காட்டினாலும், பேச்சில் முதற்சொல்லின் ஈற்று மெய் அடுத்துவரும் உயிரோடு சேர்ந்து 'ஆர்–கான்–சியெல்' என்றே அசை பிரிகிறது. மெய்யின்மேல் உயிர் வந்து ஒன்றும் தமிழ்ப் புணர்ச்சியை அறிந்தவருக்கு இது புதிதன்று. பன்மையில் 'ஆர்க்' என்பதோடு எழுதப்படும் 'எஸ்' ஒலிப்பதே இல்லையாதலால், ஒருமையும் பன்மையும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும்.

(திரையில்: பொம் த தேர்)

இனி அழுத்தம், அதாவது ஓர் அசையை மற்றவற்றைவிட எடுப்பாக ஒலிப்பது. 'பொம்', அதாவது ஆப்பிள், தனியே நிற்கும்போது அழுத்தம் அதன்மேல் விழுகிறது. உருளைக்கிழங்காகிய 'பொம் த தேர்' என்பதில் அது 'தேர்' என்னும் இறுதி அசைக்கு நகர்கிறது. பொரித்தது என்னும் பொருளில் 'ஃப்ரீத்' சேர்ந்தாலோ, 'தேர்' தன் அழுத்தத்தையும் இழந்துவிடுகிறது. ஆகவே பிரெஞ்சில் அழுத்தம் சொல்லுக்கு உரியதன்று, ஒரே மூச்சில் சொல்லப்படும் சொற்குழுவின் கடைசி அசைக்கு உரியது. அதுவும் உரத்த ஒலியாக அல்லாமல், பெரும்பாலும் அசையின் நீட்சியாகவே வெளிப்படுகிறது. 'பிளாக்போர்டு' போன்ற ஆங்கிலக் கூட்டுச்சொற்களின் முதல் அசை அழுத்தத்தைப் பிரெஞ்சுக்குக் கொண்டுசெல்பவர்கள் முதலில் கைவிட வேண்டிய பழக்கம் அதுதான்.

(திரையில்: போர்த் + ப்ளூம், போர்த் + மான்தோ)

அழுத்தம் அசை எண்ணிக்கையையே மாற்றுவது இன்னும் சுவையானது. தாங்குவது என்னும் பொருள்தரும் 'போர்த்' என்பதன் எழுத்துவடிவத்தின் இறுதியில் ஒரு மெலிந்த எகரம் உண்டு; அது ஒலிக்கும்போது இங்கே 'த' எனக் காட்டப்படுகிறது. பேனாப்பிடியைக் குறிக்கும் 'போர்–த–ப்ளூம்' என்ற சொல்லில், அழுத்தம் பெறும் அசை உடனே அடுத்து வருவதால், அந்த எகரம் தனி அசையாக நிலைக்கிறது. சட்டை மாட்டியைக் குறிக்கும் 'போர்த்–மான்–தோ' என்ற சொல்லில் இடையே வேறோர் அசை நிற்பதால் அது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. சாவி வளையமாகிய 'போர்–த–க்ளே' முதல் வகையைச் சேர்ந்தது. இந்த வேறுபாடு பாரிஸ் சார்ந்த பொது ஒலிப்புக்கே பொருந்தும். தென்பிரான்சில் அந்த எகரம் வழக்கமாக ஒலிக்கப்படுவதால், அங்கே 'போர்–த–மான்–தோ' என நான்கு அசைகளும் கேட்கும்.