வலைப்பக்கத்தை ஒரே ஃபைலா சேமிக்க: சிங்கிள்ஃபைல் எக்ஸ்டென்ஷன்

[திரை: குரோமில் படங்கள் நிறைந்த ஒரு கட்டுரை. கன்ட்ரோல்+எஸ் அழுத்தப்படுகிறது.]

ஒரு பக்கத்தைக் குரோம்ல கன்ட்ரோல்+எஸ் போட்டு முழுசா சேமிச்சா, ரெண்டு விஷயம் வரும். ஒண்ணு எச்டிஎம்எல் ஃபைல். இன்னொண்ணு அதே பேர்ல, கடைசியில 'அண்டர்ஸ்கோர் ஃபைல்ஸ்'னு முடியுற ஃபோல்டர். படம், வடிவமைப்பு எல்லாம் அந்த ஃபோல்டர்லதான் இருக்கும். எச்டிஎம்எல்லை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பினா, வாங்கினவருக்குப் படம் தெரியாது.

இதுக்குத்தான் சிங்கிள்ஃபைல். ஜில்டாஸ் லோர்மோ உருவாக்கின ஓப்பன் சோர்ஸ் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோட சேர்த்துக்குற ஒரு துணை நிரல். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூணுலயும் ஓடும். ஆண்ட்ராய்டு போன்ல இருக்குற குரோம், எக்ஸ்டென்ஷன் எதையும் ஏத்துக்காது, அங்க ஃபயர்ஃபாக்ஸ் வேணும்.

[திரை: புதிர்த்துண்டு ஐகான் › பின் குறி.]

இன்ஸ்டால் பண்ணினதும் புதிர்த்துண்டு ஐகானைத் திறந்து, சிங்கிள்ஃபைலை பின் பண்ணிக்குங்க. பக்கத்தைத் திறந்து ஐகானை ஒரு தடவை கிளிக் பண்ணினா, டவுன்லோட்ஸ்ல ஒரே ஒரு எச்டிஎம்எல் வந்து நிக்கும். பக்கத்துல ரைட் கிளிக் பண்ணினா, தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும், இல்லன்னா திறந்திருக்குற எல்லா டேபையும் சேமிக்கலாம். பல டேபைச் சேமிக்கும்போது, 'எங்க சேமிக்கணும்'னு ஒவ்வொரு தடவையும் கேக்குற குரோம் செட்டிங்கை ஆஃப் பண்ணிடுங்க.

[திரை: சேமித்த ஃபைல் நோட்பேடில். நீளமான எழுத்து வரிசை பெரிதாகக் காட்டப்படுகிறது.]

படம் எப்படி ஒரே ஃபைலுக்குள்ள வந்துச்சு? நோட்பேட்ல திறந்து பாருங்க. இந்த முடிவில்லாத எழுத்து வரிசைதான் படம். பேஸ்64ங்கிற முறையில 3 பைட், 4 எழுத்தா மாறுது. அதனால 3 எம்பி படம் சுமார் 4 எம்பி இடம் பிடிக்கும். மேல இருக்குற குறிப்பைக் கவனிங்க: பக்கத்தோட முகவரியும் சேமிச்ச தேதியும் அங்கேயே பதிவாகியிருக்கு. பின்னாடி ஆதாரம் காட்ட இது ரொம்ப உதவும்.

இப்ப, சறுக்குற இடங்கள். நிறைய தளங்கள்ல, நாம கீழே உருட்டினாதான் அடுத்த படம் இறங்கும். அந்தப் படங்களையும் வரவழைக்க சிங்கிள்ஃபைல் முயற்சி பண்ணும், ஆனா 1500 மில்லிசெகண்ட், அதாவது ஒன்றரை வினாடி புதுசா எதுவும் இறங்காம இருந்தா நிறுத்திக்கும். நெட் மந்தமா இருந்தா அது போதாது. சிங்கிள்ஃபைலோட ஆப்ஷன்ஸ்ல 'இமேஜஸ்' பகுதியில அந்த நேரத்தை 5000 ஆக்குங்க. அதுக்கும் மேல, சேமிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்தை ஒரு தடவை அடி வரைக்கும் நீங்களே உருட்டிடுறதுதான் நல்ல பழக்கம்.

அடுத்தது, மறைஞ்சிருக்குற பகுதி. 'மேலும் படிக்க' பட்டனுக்குள்ள மூடியிருக்குற பத்தியைத் தேவையில்லாததுன்னு நினைச்சு எக்ஸ்டென்ஷன் நீக்கிடும். அப்படி நீக்குறதுதான் இதோட இயல்பான அமைப்பு. எல்லாத்தையும் விரிச்சுட்டு சேமிங்க. இல்லன்னா 'எச்டிஎம்எல் கன்டென்ட்' பகுதியில, மறைஞ்ச உறுப்புகளை நீக்குற டிக்கை எடுத்துடுங்க. ஃபைல் பெரிசாகும், ஆனா எழுத்து போகாது. பக்கத்தை இயக்குற ஸ்கிரிப்ட்டும் நீக்கப்படுறதால தேடல் பெட்டி, நகர்ற வரைபடம் எதுவும் வேலை செய்யாது. வீடியோவும் இதுல கிடைக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

தமிழ்ப் பக்கம் சேமிக்கிறவங்களுக்கு ஒண்ணு. கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில 'க' 3 பைட், 'கா' 6 பைட். ஃபைல் பேருக்கு நீள வரம்பு உண்டு, லினக்ஸோட ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம்ல அது 255 பைட். அதனால தமிழ்த் தலைப்பு சீக்கிரமே வெட்டுப்படும். ஆப்ஷன்ஸ்ல, ஃபைல் பேர் எப்படி அமையணும்னு சொல்ற ஃபைல் நேம் டெம்ப்ளேட்டை மாத்தி, தேதியை முன்னாடி போட்டு தலைப்பைப் பின்னாடி தள்ளுங்க. தலைப்பு வெட்டுப்பட்டாலும் தேதி வரிசை கலையாது.

லாகின் பண்ணிச் சேமிச்ச பக்கத்துல உங்க பேர், மின்னஞ்சல் எல்லாம் திரையில இருந்த மாதிரியே பதிஞ்சிருக்கும். யாருக்காவது அனுப்புறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

[திரை: வைஃபை அணைக்கப்படுகிறது. சேமித்த ஃபைல் திறக்கிறது.]

சேமிச்சதை நெட்டோட இருக்கும்போது திறந்து பார்த்து திருப்திப்படாதீங்க. விடுபட்ட ஏதாவது ஒண்ணு அப்ப நெட்லருந்தே வந்து நிக்கலாம். வைஃபையை அணைச்சுட்டு, ஃபைலைத் திறந்து, மேலருந்து கீழ வரைக்கும் உருட்டிப் பாருங்க. காலியான கட்டம் ஏதாவது தெரிஞ்சா, அசல் பக்கம் இன்னும் இணையத்துல இருக்கும்போதே திரும்பச் சேமிச்சுடுங்க.