கே1000 மறுபடியும் வருமானால்

நேயர்களுக்கு வணக்கம்.

பென்டாக்ஸ் கே1000 என்ற ஃபிலிம் கேமராவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1976-இல் வெளிவந்து 1997 வரை தயாரிப்பில் இருந்தது. புகைப்படம் படிக்கும் மாணவர்களுக்குப் பல நாடுகளில் இதுதான் முதல் கேமரா. அதை இன்று யாராவது திரும்பச் செய்ய முன்வந்தால் எதையெல்லாம் மாற்றச் சொல்லலாம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

முதலில், தொடவே கூடாததைச் சொல்லிவிடுகிறேன். ஃபிலிமில் வெளிச்சம் விழுவதற்காகத் திறந்து மூடுகிற ஷட்டர் இதில் முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். பேட்டரியைக் கழற்றி எறிந்தாலும் ஒரு விநாடியிலிருந்து ஆயிரத்தில் ஒரு விநாடி வரை எல்லா வேகமும் வேலை செய்யும். வெளிச்சத்தை அளக்கிற லைட் மீட்டர் மட்டும்தான் நின்றுபோகும். நான் கேட்கிற எந்த மாற்றமும் இந்தக் குணத்தைக் கெடுக்கக் கூடாது.

சரி, அந்த மீட்டருக்கே வருவோம். அதை அணைக்க ஒரு சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் விழுந்தால் மின்தடை குறைகிற உணரிகள் அதில் இருக்கின்றன. இருட்டில் மின்சாரம் ஏறக்குறைய ஓடாது. வெளிச்சத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதாவது லென்ஸ் மூடிதான் சுவிட்ச்! மூடி போடாமல் மேசைமேல் வைத்துவிட்டால், யாரும் தொடாமலேயே அந்தச் சின்னப் பொத்தான் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் மட்டும் மீட்டர் விழிக்கும்படி செய்தால் போதும்.

எனக்கு இதைவிடப் பெரிய குறை, கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரில்தான். உள்ளே பார்த்தால் வலது ஓரத்தில் ஒரு முள் தெரியும். அது நடுவில் நின்றால் வெளிச்சம் சரி. ஆனால் என்ன வேகத்தில் எடுக்கிறோம், லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று அங்கே தெரியாது. முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்த சந்தோஷத்தில் அழுத்திவிடுவோம். வேகம் முப்பதில் ஒரு விநாடியில் இருந்திருக்கும், படம் ஆடியிருக்கும். கண்ணை எடுத்துக் குமிழைப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை வைப்பதற்குள் எதிரே இருந்த முகம் மாறிவிடுகிறது. கற்றுக்கொள்கிறவருக்கு அந்த இரண்டு எண்களும்தானே பாடம்? அதே 1976-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த எம்எக்ஸ் கேமராவில் இரண்டும் உள்ளேயே தெரிந்தன. பாதி அழுத்தினால் விழிக்கிற மீட்டரும் அதில் இருந்தது. அதுவும் ஸ்பிரிங் ஷட்டர்தான். விலையைக் குறைவாக வைக்கத்தான் கே1000-இல் பலவற்றை விட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். இன்று அப்படியே விட வேண்டியதில்லை.

அப்புறம், பின்கதவின் விளிம்பில் வெளிச்சம் புகாமல் தடுக்கிற நுரைப்பட்டை. வருடங்கள் போகப் போக அது தாரைப்போல இளகி, விரலில் ஒட்டும், பொடியாக உதிரும். காட்சியை வியூஃபைண்டருக்கு அனுப்புகிற உள்கண்ணாடி, படம் எடுக்கும்போது மேலே எழும்பி மோதுகிற இடத்திலும் அதே நுரைதான். அங்கே உதிர்கிற பொடி வியூஃபைண்டர் திரையில் போய் உட்காரும். உலோக உடம்பு ஐம்பது வருடம் தாங்கும்போது அதோடு இருக்கிற பட்டையும் தாங்க வேண்டாமா? கம்பளி நூலோ வெல்வெட்டோ வைத்து மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையிலேயே அப்படிச் செய்து தரலாம்.

சின்னச் சின்ன ஆசைகளும் உண்டு. உள்ளே எந்த ஃபிலிம் இருக்கிறது என்று பார்க்கப் பின்கதவில் ஒரு சின்ன ஜன்னல். ஃபிலிம் சரியாக மாட்டி ஓடுகிறதா என்று காட்ட ஓர் அடையாளம். இப்போதைக்கு, திரும்பச் சுற்றும் குமிழ் சுழல்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. எடுக்கும் முன்பே எதுவரை தெளிவாக விழும் என்று பார்க்க ஒரு நெம்புகோல். தானாக ஃபோகஸ் செய்வது, பின்னால் ஒரு திரை, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

2024-இல் பென்டாக்ஸ் 17 என்ற புது ஃபிலிம் கேமரா வந்தபோது, கட்டைவிரலால் ஃபிலிமை நகர்த்துகிற நெம்புகோலை அதில் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் அதற்குப் பேட்டரி இல்லாமல் ஷட்டர் இல்லை. நெம்புகோல் திரும்பி வந்துவிட்டது. பேட்டரி கேட்காத அந்த ஷட்டரும் வரும் என்று காத்திருக்கிறேன்.

வணக்கம்.