தண்ணீர் ஏறினால் எங்கே போகும்?

நேயர்களுக்கு வணக்கம். வலசை வரும் நீர்ப்பறவைகளுக்கு முக்கியமான இடங்களை ஒவ்வொரு நாடும் பட்டியல் எடுத்து வைப்பதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பட்டியல் என்றதும் உங்களில் சிலருக்குக் கை தானாக வேறு அலைவரிசையைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள், நான் ஏமாந்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு கழிமுகத்தில் பறவை எண்ணப் போனேன். கடல் வற்றியிருந்த நேரம். கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, சேறு முழுக்க உள்ளான்கள். தையல் மிஷின் ஊசி மாதிரி அலகைக் குத்திக் குத்திப் புழு எடுத்துக்கொண்டிருந்தன. எண்ணுவது பெரிய வித்தை இல்லை. முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் அந்த அளவைக் கூட்டத்தின் மேல் ஒன்றையடுத்து ஒன்றாக வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். 4,000-ஐத் தாண்டியது. நோட்டில் எழுதி, வரைபடத்தில் அந்தச் சேற்றுவெளியைச் சுற்றி ஒரு கோடு போட்டேன். முக்கியமான இடம் கண்டாயிற்று, வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சரிபார்க்கலாம் என்று மறுநாள் போனால், கடல் ஏறியிருக்கிறது. சேறு இருந்த இடமெல்லாம் தண்ணீர். பறவை ஒன்றுகூட இல்லை. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். என்னையும் என் பைனாகுலரையும் ஒரு பார்வை பார்த்தார். “அதெல்லாம் உப்பளத்துல நிக்கும் தம்பி. வத்தினா தானா வரும்” என்றார். இதுகூடத் தெரியாமலா எண்ண வந்தாய் என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

உப்பளம் அங்கிருந்து அரை மணி நேர நடை. பாதிப் பாத்திகள் கைவிடப்பட்டுக் கிடந்தன. வரப்புகளின் மேல் அத்தனை பறவைகளும் காற்றைப் பார்த்தபடி நின்றன. ஒற்றைக் கால், அலகு முதுகு இறகுக்குள் செருகியிருக்கிறது. நான் இருமியதும் வரிசையாகச் சில கண்கள் திறந்து மூடின. அங்கே அவை எதையும் தின்னவில்லை, கடல் வற்றும் நேரத்துக்காகக் காத்திருந்தன.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த உப்பளத்தை நாளைக்கே ஒருவர் மண் கொட்டி நிரவுகிறார். “பட்டியலில் இருக்கும் இடத்தை நாங்கள் தொடவே இல்லை” என்று அவர் சொன்னால் அது உண்மைதான். சேறு அப்படியே இருக்கும், புழுவும் இருக்கும். ஆனால் பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் ஏறுகிறது. இரண்டு தடவையும் நிற்க இடமில்லாமல் வானத்தில் சுற்றினால், பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு அதிலேயே கரைந்துவிடும். கொஞ்ச நாளில் சேறும் காலி. தீனி தின்னும் இடத்தை எழுதினால் அடையும் இடத்தையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்வது இதனால்தான். கூட்டத்தைப் பார்த்ததும் முதலில் கேளுங்கள், தண்ணீர் ஏறினால் இவை எங்கே போகும்?

சரி, ஓர் இடம் முக்கியம் என்று யார் முடிவு செய்வது? ஈரநிலங்களைக் காக்க 1971-ல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் கீழ் சில அளவுகோல்கள் இருக்கின்றன. இரண்டைச் சொல்கிறேன். வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் கூடும் இடம் முக்கியமானது. அல்லது, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒன்று அங்கே வர வேண்டும். கரண்டிவாய் உள்ளான் உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். அப்படியானால் நாலைந்து பறவை நிற்கும் ஒரு திட்டுகூட உலக முக்கியத்துவம் உள்ள இடம். கூட்டத்தை மட்டும் தேடுகிறவர் அந்தத் திட்டைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார்.

அடுத்தது காலண்டர். உலக அளவிலான நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1967-லிருந்து நடக்கிறது, ஆசியக் கணக்கெடுப்பு 1987-லிருந்து. இரண்டும் பெரும்பாலும் ஜனவரியில்தான். குளிர்காலத்தைக் கழிக்கும் இடங்களுக்கு அது சரி. வழியில் இறங்கித் தின்றுவிட்டுப் போகும் இடங்களுக்கு? சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே மஞ்சள் கடல் இருக்கிறதே, அங்கே ஜனவரியில் போனால் குளிரில் விறைத்த சேற்றைத்தான் பார்ப்பீர்கள். ஏப்ரலில் போனால் லட்சக்கணக்கான பறவைகள். 2022-ல் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் பறந்து முடித்தது. பிறந்து ஐந்து மாதம்தான் ஆன குஞ்சு! அதே இனம் வடக்கே திரும்பும்போது இந்த மஞ்சள் கடல் சேற்றில்தான் இறங்கி உடம்பைத் தேற்றிக்கொள்கிறது. அந்தச் சேற்றுவெளியில் 50 வருஷங்களில் மூன்றில் இரண்டு பங்குவரை போய்விட்டது. ஜனவரிக் கணக்கை மட்டும் வைத்து எழுதிய பட்டியலில் இப்படிப்பட்ட இடம் ஒரு வெற்று வரியாகத்தான் இருக்கும்.

வழியிடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று 5,000 எண்ணுகிறோம், பத்து நாள் கழித்தும் 5,000. அதே பறவைகளா? முதல் கூட்டம் கிளம்பி வேறு கூட்டம் வந்திருக்கலாம். ரயில் நிலையத்தில் ஒரு நேரத்தில் நிற்கும் ஆட்களை எண்ணிவிட்டு, அந்த நிலையத்தை உபயோகிப்பவர்கள் இவ்வளவுதான் என்று சொல்வோமா?

மெல்லிய அலகுக் கோட்டான் என்று ஒன்று இருந்தது. ஆந்தை இல்லை, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1995-ல் மொராக்கோவின் மெர்ஜா ஸெர்கா கடற்கழியில் உறுதியாகப் பார்த்ததோடு சரி. 2025-ல் அழிந்த இனம் என்று அறிவித்துவிட்டார்கள். அது முட்டையிட்ட இடம் தெரியுமா? சைபீரியாவில் தாரா என்ற ஊர்ப் பக்கம் நூறு வருஷத்துக்கு முன் கண்ட சில கூடுகள்தான். அதற்குப் பிறகு யாரும் அதன் கூட்டைக் கண்டு எழுதவில்லை. தெரியாத இடத்தை எந்த நாட்டுப் பட்டியலில் சேர்ப்பது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிஷம். பட்டியலை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவது என்று விரிவாகப் பேச நினைத்திருந்தேன், முடியாது. இறகு உதிர்த்துச் சில வாரம் பறக்க முடியாமல் கோரைக்குள் பதுங்கும் வாத்துகளுக்கும் நேரமில்லை. கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். போய்ப் பார்த்தீர்கள், ஒரு பறவையும் இல்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். பூஜ்யம் என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டு, கடல் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா என்றும் குறித்து அனுப்புங்கள். வணக்கம்.