முழங்கால் மேல் வைத்த கை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

'புகழ்பெற்ற மாயக்கதை நாவல்களின் உயிரைத் திரைப்படங்கள் காப்பாற்றினவா, தொலைத்தனவா?' என்பது இன்றைய தலைப்பு. தொலைத்தன என்று சொல்லும் அணியில் நான் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். படம் பார்த்த பிறகுதான் எத்தனையோ பேர் புத்தகத்தைத் தேடிப் போனார்கள் என்றார். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் படம் 11 ஆஸ்கர் விருதுகளுக்குப் பரிந்துரையாகி 11-ஐயும் வாங்கியது என்றார். ஒரு நாவலை அப்படியே படமாக்க முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்.

முதல் இரண்டையும் நான் மறுக்க மாட்டேன். அந்த எத்தனையோ பேரில் நானும் ஒருத்தி. கல்லூரியில் படித்தபோது தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்து அழுதேன். அடுத்த வாரமே நூலகத்தில் அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்தேன். படத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நியூசிலாந்தின் மலைகளை ஒரு கற்பனை உலகமாக நம்ப வைத்தவர்களின் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன்.

என் வழக்கு மூன்றாவது வாதத்தோடுதான். மாற்றலாம், சரி. எதை மாற்றினார்கள்? அதைத்தான் இந்த மன்றம் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு சின்ன உதாரணம். ஃபிராங்க் பாம் 1900-இல் எழுதிய ஓஸ் மந்திரவாதி கதை. டோரதி என்ற சிறுமியைச் சூறாவளி வீட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஓஸ் நாட்டில் போடுகிறது. புத்தகத்தில் அவள் போட்டுக்கொள்வது வெள்ளிக் காலணி. 1939-இல் வந்த படத்தில் அது சிவப்புக் காலணி ஆனது. அப்போது டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறை புதிது, சிவப்பு கண்ணைப் பறிக்கும். இந்த மாற்றத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் முடிவில்தான். படத்தில் டோரதி கட்டிலில் கண் விழிக்கிறாள். சுற்றி நிற்கும் பெரியவர்கள் நீ கண்டது கனவு என்கிறார்கள்.

புத்தகம் எப்படி முடிகிறது தெரியுமா? முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வரும் அத்தை, ஓடி வரும் பெண்ணைப் பார்க்கிறாள். அங்கே ஒரு புது வீடு நிற்கிறது. பழைய வீட்டைக் காற்று கொண்டுபோய்விட்டதால் மாமா கட்டிய வீடு. அந்தப் புது வீடுதான் சாட்சி. குழந்தை போய்வந்த இடம் நிஜம் என்று எழுத்தாளர் சத்தமே இல்லாமல் சொல்லிவிடுகிறார். கேட்கிற குழந்தைக்கு அவர் காட்டிய அந்த மரியாதையைப் படம் எடுத்துக்கொண்டது.

இப்போது எதிரணி பெருமையோடு கொண்டுவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எழுதிய டோல்கீனுக்கே வருகிறேன். என் நேரத்தில் பெரும்பகுதியை அவருக்குத்தான் வைத்திருக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. உலகத்தையே அடிமைப்படுத்தக்கூடிய ஒரு மோதிரம். அதை அழிக்க வேண்டுமானால் அது வார்க்கப்பட்ட எரிமலையிலேயே போட வேண்டும். அதைச் சுமந்து போகிறவன் ஃப்ரோடோ என்ற ஹாபிட். உருவத்தில் நம்மில் பாதி, குணத்தில் ஒரு சாதாரண கிராமத்து மனிதன். கூட வருகிறவன் அவனுடைய தோட்டக்காரன் சாம். வழிகாட்ட வருகிறவன் கோல்லம். முன்பு இந்த மோதிரத்தைப் பல நூறு வருடம் வைத்திருந்து, அதனாலேயே உருவும் மனமும் கெட்டுப்போனவன்.

இந்த மோதிரம் ஃப்ரோடோவுக்கு முன் அவன் உறவினனான பில்போ என்ற ஹாபிட்டின் கையில் இருந்தது. இருட்டுக் குகையில் கையில் வாளோடு நிற்கும் பில்போ, ஆயுதம் இல்லாத கோல்லத்தைக் கொன்றிருக்கலாம். கொல்லவில்லை, பாவம் என்று விட்டுவிட்டுத் தாண்டிக் குதித்துப் போனான். பில்போவின் கதையாக 1937-இல் வந்த டோல்கீனின் முந்தைய நாவல் 'தி ஹாபிட்' முதல் பதிப்பில் இந்தக் காட்சியே கிடையாது, நண்பர்களே. அதில் கோல்லம் விடுகதைப் போட்டியில் தோற்று, மோதிரத்தைப் பரிசாகவே தரத் தயாராக இருக்கிறான். பிறகு பெரிய நாவலை எழுதும்போது டோல்கீனுக்கு அந்த அத்தியாயம் பொருந்தவில்லை. அதைத் திருத்தி எழுதினார், 1951 பதிப்பில் அது வெளிவந்தது. அச்சில் வந்து பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் ஒரு கதைக்குள் திரும்பப் போய் ஒரு மனிதர் இரக்கத்தை எழுதிச் சேர்க்கிறார் என்றால், அது அவருக்கு எவ்வளவு முக்கியமாக இருந்திருக்க வேண்டும்!

அந்த இரக்கம் எங்கே போய் முடிகிறது? அந்த எரிமலை இருக்கும் மோர்டார் நாட்டின் எல்லையில், செங்குத்தான படிக்கட்டுகளின் உச்சியில். ஃப்ரோடோவை ஒரு ராட்சதச் சிலந்திக்கு இரையாக்கத் திட்டமிட்டுவிட்டுக் கோல்லம் திரும்பி வருகிறான். இருவரும் தூங்குகிறார்கள். சாமின் மடியில் ஃப்ரோடோவின் தலை, ஃப்ரோடோவின் நெற்றியில் சாமின் கை. கோல்லம் பார்க்கிறான். அவன் கண்ணில் இருந்த வெறி அணைகிறது. வந்த வழியைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்கிறான், தனக்குள்ளேயே வாதாடுகிறவன் போல. அப்புறம் நடுங்கும் கையை நீட்டி, ஃப்ரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். அந்த ஒரு நிமிடம் அவன் பேய் இல்லை. சொந்தபந்தம் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் சாகாமல் மிஞ்சிப்போன ஒரு கிழவன்.

அப்போது சாம் விழிக்கிறான். "என்னடா திருட்டு வேலை பண்றே?" என்ற தோரணையில் அதட்டுகிறான். கை பின்வாங்குகிறது, கண்ணில் பச்சை வெறி திரும்புகிறது. போயிற்று. சாம் கெட்டவனா? அந்த நாவலிலேயே நல்லவன் அவன்தான். எஜமானனைக் காக்கும் அவசரத்தில் ஒரு மனம் திரும்பிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். தன் கதையிலேயே மிகத் துயரமான கணம் இதுவாக இருக்கலாம் என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதினார். நான் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வீட்டில் நான் அப்படி அதட்டியவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது.

படத்தில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? கோல்லம் மிச்சமிருந்த ரொட்டியைப் பள்ளத்தில் எறிந்துவிட்டு, தூங்கும் சாமின் மேல் துணுக்குகளைத் தூவுகிறான். விழித்ததும் சாம்தான் தின்றுவிட்டான் என்று பழி போடுகிறான். ஃப்ரோடோ அதை நம்பி, சாமை வீட்டுக்குப் போ என்று துரத்துகிறான். நடுவர் அவர்களே, மனம் திரும்ப நீண்ட கை இருந்த இடத்தில் ரொட்டித் துணுக்கு! நாவலில் நல்லவனின் கவனக்குறைவு ஒரு ஆத்மாவைத் தொலைக்கிறது. படத்தில் கெட்டவனின் சூழ்ச்சி நல்லவர்களைப் பிரிக்கிறது. இரண்டாவது கதையை நாம் ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம்.

எரிமலை உச்சிக்கு வாருங்கள். நாவலில் ஃப்ரோடோ கடைசி அடியில் தோற்றுப்போகிறான், மோதிரம் எனக்குத்தான் என்கிறான். கோல்லம் பாய்ந்து அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, ஆனந்தத்தில் ஆடுகிறான். ஓர் அடி தப்பி விழுகிறான். யாரும் தள்ளவில்லை. எந்தப் பலத்தாலும் அழிக்க முடியாத மோதிரம், என்றோ ஒரு குகையில் ஒருவன் காட்டிய இரக்கத்தால் அழிந்தது. அவன் இல்லாவிட்டால் என்னால் முடிந்திருக்காது, அவனை மன்னித்துவிடுவோம் என்று ஃப்ரோடோ அங்கேயே சாமிடம் சொல்கிறான். படத்தில் ஃப்ரோடோ எழுந்து மோதிரத்துக்காகக் கோல்லத்தோடு மல்லுக்கட்டுகிறான். இருவரும் விளிம்பில் சரிகிறார்கள், ஒருவன் தொங்குகிறான், ஒருவன் விழுகிறான். முன்பாதியில் இரக்கத்தைப் பற்றி அழகாக வசனம் வைத்தவர்கள், அதன் பலனைக் கைகலப்பிடம் கொடுத்துவிட்டார்கள்.

வள்ளுவர் இரக்கத்துக்கு வைத்த பெயர் கண்ணோட்டம். அடுத்தவர் மேல் கண் ஓடுவது.

"கண்ணிற்கு அணிகலம் கண்ணோட்டம் அஃதின்றேல்
புண்ணென்று உணரப் படும்."

கண்ணுக்கு விருந்து என்று எதிரணி படத்தைப் புகழ்ந்தது. விருந்து உண்மைதான். அந்தக் கண்ணுக்கு டோல்கீன் பூட்டிய அணிகலனைத்தான் நான் கேட்கிறேன்.

மனத்துக்குள் நடப்பதைக் கேமராவால் காட்ட முடியாது, அதனால்தான் மாற்றினார்கள் என்று எதிரணி நண்பர் அடுத்துச் சொல்வார். அதற்கும் அவர்கள் படத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். 2012-இல் வந்த 'ஹாபிட்' முதல் படத்தில் பில்போ கோல்லத்தின் கழுத்துக்கு நேராக வாளை நீட்டி, அந்த முகத்தைப் பார்த்துத் தயங்கி நிற்பான். வசனமே இல்லை. அவன் ஏன் கொல்லவில்லை என்று தியேட்டரில் இருந்த குழந்தைக்கும் புரிந்தது. ஆக முடியும். அதே இயக்குநர் பீட்டர் ஜாக்சன், அதே கோல்லம். ரொட்டித் துணுக்கு ஒரு தேர்வு, கட்டாயம் இல்லை.

எழுத்தாளருக்கே இந்தப் பயம் இருந்தது. 1950-களின் கடைசியில் ஒரு திரைக்கதைச் சுருக்கம் அவர் பார்வைக்கு வந்தது. கதையின் தனித்தன்மை எந்தப் பகுதிகளில் இருக்கிறதோ அவற்றை வெட்டிவிட்டுச் சண்டைகளின் பக்கம் சாய்கிறார்கள் என்று 1958-இல் வருத்தப்பட்டு எழுதினார். பீட்டர் ஜாக்சனின் முதல் படம் வந்தது 2001-இல்.

ஃபாரமிர் என்ற தளபதியைப் பாருங்கள். நாவலில் மோதிரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், இது தெருவில் கிடந்தாலும் எடுக்க மாட்டேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். படத்தில் ஃப்ரோடோவைக் கைதியாக இழுத்துக்கொண்டு போகிறான், பிறகுதான் மனம் மாறுகிறான். ஒரு மனிதன் முதலிலேயே நல்லவனாக இருந்தால் சுவாரசியம் போய்விடும் என்று நினைத்தார்கள் போலும்.

கடைசியாக, படத்தில் இல்லவே இல்லாத ஓர் அத்தியாயம். போர் முடிந்து ஹாபிட்கள் ஊர் திரும்புகிறார்கள். அங்கே மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, ஆற்றில் ஆலைக் கழிவு, ஊரை ரௌடிகள் ஆள்கிறார்கள். உலகத்தைக் காப்பாற்றப் போன நேரத்தில் வீடு பறிபோயிருக்கிறது. ஊரை மீட்கும்போதும் ஃப்ரோடோ வாளை எடுக்கவில்லை. இத்தனைக்கும் காரணமான சாருமான் என்ற மந்திரவாதி தன்னைக் கத்தியால் குத்திய பிறகும் அவனைக் கொல்லாதீர்கள் என்கிறான். இதை எழுதியவர் முதல் உலகப் போரில், 1916-இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் நின்றவர். 1918-க்குள் தன் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரையும் இழந்தவர். பத்து வயதாகும் முன்பே, தான் வளர்ந்த கிராமப்புறம் அழிக்கப்படுவதைக் கண்ணால் பார்த்ததாக முன்னுரையில் சொன்னவர். போருக்குப் போனவன் திரும்பி வரும்போது ஊர் அப்படியே இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

படத்தில் ஊர் அப்படியே இருக்கிறது. மதுக்கடையில் நால்வரும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சி அருமையானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் மாறியிருப்பவர்கள் அவர்கள் நால்வர் மட்டும். நாவலில் ஊரார் நேசித்த அழகான மரங்கள் வெட்டப்பட்ட இடங்களில் எல்லாம் சாம் கன்று நட்டுக்கொண்டே போகிறான். அந்த வேலையைப் படம் அவனிடமிருந்து பிடுங்கிவிட்டது.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்புச் சொல்லும் முன், எங்கள் அணி மேசையில் இருக்கும் இந்தப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் தொகுதி, நான்காம் புத்தகம், எட்டாம் அத்தியாயம். கடைசி இரண்டு பக்கம் போதும். அடையாளத்துக்குத் துணிநாடா வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.