கரிநெருப்பின் பக்கத்தில்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, ஆயர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, அறுப்பின் பண்டிகை ஏலம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சபையாரே, எல்லாருக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம்.

விசுவாசியின் துணிவு பெரிதும் வெளிப்படுவது ஆபத்து நாளிலா, அன்றாட நாளிலா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அன்றாட நாள்தான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் சுனாமியைப் பற்றிச் சொன்னார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்து மறுநாள். நம் ஆட்கள் எப்படி ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், யார் யாருக்கோ எப்படிச் சோறு போட்டார்கள் என்று அவர் சொன்னபோது இங்கே பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன். அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, அன்று காலை நானும் வடசென்னைக் கடலோரத்துக் காசிமேட்டில்தான் இருந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ‘தண்ணி வருது’ என்று சத்தம் கேட்டது. எல்லாரும் மேற்கே ஓடினார்கள். பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது. நான் திரும்பி ஓடி, முழங்கால் தண்ணீரில் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த நேரத்தில் ஜெபம் செய்தேனா? இல்லை. யோசித்தேனா? அதுவும் இல்லை. கால் தானாகப் போனது. பிறகு ஊரே என்னைத் ‘தைரியசாலி’ என்றது. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பட்டத்தோடுதான் இருக்கிறேன். அதனால்தான் துணிவு என்றால் என்னவென்று நான் கொஞ்சம் ஆழமாக யோசிக்க வேண்டியதாயிற்று. அது எங்கே போய் முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது ஆண்டவராகிய இயேசுவின் சீஷர் பேதுருவைப் பார்ப்போம். நாம் இருக்கும் ஊருக்கும் அவருக்கும் பழைய உறவு உண்டு. ராயப்பர் என்று கத்தோலிக்கச் சகோதரர்கள் அழைக்கிறார்களே, அது பேதுருதான். ராயபுரம் என்ற பேரே அவரிடமிருந்து வந்தது என்பார்கள். படகோட்டிகளும் மீன்பிடிக்கிறவர்களும் வாழ்ந்த ஊருக்கு ஒரு மீன்பிடிக்கிறவருடைய பேர்.

அந்தப் பேதுருவுக்கு ஒரே இரவில் இரண்டு சோதனை வந்தது. முதலாவது தோட்டத்தில். தீவட்டியும் ஆயுதமுமாக ஒரு கூட்டம் ஆண்டவரைப் பிடிக்க வருகிறது. இதுதான் எதிரணி சொல்லும் ஆபத்து நாள். பேதுரு பயந்தாரா? பயப்படவில்லை. பட்டயத்தை உருவினார், மல்குஸ் என்பவனுடைய காதை வெட்டினார். எத்தனை பேர் எதிரே நிற்கிறார்கள் என்றுகூட எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டாவது, சில மணி நேரம் கழித்து, பிரதான ஆசாரியனின் வீட்டு முற்றத்தில். குளிர் காலம். வேலைக்காரர்கள் கரிநெருப்பு மூட்டிக் குளிர் காய்கிறார்கள். பேதுருவும் போய் நிற்கிறார். அங்கே யார் கையிலும் தீவட்டி இல்லை, யாரும் அவரைக் கட்டவில்லை, மிரட்டவில்லை. வாசல் காக்கும் ஒரு வேலைக்காரப் பெண் சாதாரணமாகக் கேட்கிறாள்: நீயும் அவனுடைய சீஷர்களில் ஒருவன்தானே? அவ்வளவுதான் கேள்வி. பட்டயத்துக்கு அஞ்சாத மனிதர் அந்தக் கேள்விக்கு ‘நான் அல்ல’ என்று சொல்லி விழுந்துவிட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

எதிரணி அண்ணன் இதற்கு என்ன பதில் சொல்வார்? துணிவு ஆபத்தில்தான் வெளிப்படும் என்றால், தோட்டத்தில் பேதுரு தேறிவிட்டாரே, அப்புறம் எதற்காக வெளியே போய் மனங்கசந்து அழுதார்? வாள் எடுக்கத் தெரிந்தவருக்கு, நெருப்புப் பக்கத்தில் நின்று ‘ஆமாம்மா, நான் அவரோடு இருந்தவன்தான்’ என்று சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் முதலாவதுக்கு ரத்தம் சூடானால் போதும். இரண்டாவதுக்கு ஆண்டவர் வேண்டும்.

எதிரணியில் பேசிய அக்கா தானியேலைச் சொன்னார்கள். சிங்கக் கெபி. நல்ல உதாரணம். ஆனால் அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து வாசித்துப் பாருங்கள். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் வேண்டக் கூடாது என்ற கட்டளை வந்துவிட்டது என்று தெரிந்தும் தானியேல் வீட்டுக்குப் போய், பலகணிகள் திறந்திருக்க, தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார். எப்படி? ‘தான் முன் செய்துவந்தபடியே’ என்று வேதம் சொல்கிறது. அந்த ஒரு சொற்றொடர் எங்கள் அணிக்குச் சொந்தம், நடுவர் அவர்களே! கெபிக்குள் போனது ஒரு ராத்திரி. ஜன்னலைத் திறந்துவைத்தது எத்தனை வருஷத்துப் பழக்கம்?

இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், மணி அடிக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா கூடைக்காரி. விடியற்காலம் மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, தலையில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்பார். முதலுக்குத் தண்டல் கடன்தான். இங்கே பெரியவர்களுக்கு விளக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஆயிரம் ரூபாய் தண்டல் என்றால் கையில் வருவது 850. நாளுக்குப் பத்து ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வியாபாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்டல்காரர் சைக்கிள் மணி கேட்கும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஐப்பசி மழை. புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள், ஐந்து நாளாகப் படகு போகவில்லை. மீன் இல்லை, காசு இல்லை. சைக்கிள் மணி கேட்டதும் எங்கள் சந்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை வெளியே வந்து நிற்கும்: ‘அம்மா வீட்ல இல்ல.’ அவர்களை நான் குறை சொல்லவில்லை. பயந்தவர்கள் என்ன செய்வார்கள்? நானும் எழுந்து, “நான் போய் நீ இல்லன்னு சொல்லட்டுமாம்மா?” என்று கேட்டேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நான் இருக்கறப்பவே இல்லன்னு நீ சொல்லிட்டா, ராத்திரி ஜெபத்துல வந்து நிக்கறது யாரு?”

பிறகு வாசலுக்குப் போனார். “அண்ணே, இன்னிக்குக் காசு இல்ல. போட்டு போகல. வெள்ளிக்கிழம சேத்துத் தர்றேன்” என்றார். அந்த ஆள் பேசினது எதையும் இந்த மேடையில் சொல்ல முடியாது. சந்து முழுக்கக் கேட்டது. அம்மா தலையைக் குனியவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை நின்றார். உள்ளே வந்து தண்ணீர் குடிக்கச் சொம்பை எடுத்தார். கை நடுங்கித் தண்ணீர் பாதி கீழே கொட்டியது.

அந்த நடுக்கத்தைத்தான் நான் பிற்பாடு புரிந்துகொண்டேன். அம்மாவுக்குப் பயம் போகவில்லை. பயத்தோடேயே வாசலில் நின்றிருக்கிறார். அன்று அற்புதம் எதுவும் நடக்கவில்லை. யாரும் கவரில் பணம் கொண்டுவந்து கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்று சொன்னது ஞாயிற்றுக்கிழமை ஆனது, அதற்கும் திட்டு வாங்கினார். கடன் முடிந்தது. அடுத்த தண்டல் எடுத்தார். மறுபடி சைக்கிள் மணி. இப்படி எத்தனை சாயங்காலம்! சுனாமி ஒரு தடவை வந்தது, நடுவர் அவர்களே. சைக்கிள் மணி தினமும் வந்தது.

ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் ஆகாரத்தை ‘இன்று’ தாரும் என்றுதானே கேட்கிறோம்? வனாந்தரத்தில் ஆண்டவர் தினமும் கொடுத்த மன்னா என்ற ஆகாரத்தைச் சிலர் மறுநாளைக்கு எடுத்துவைத்தபோது அது புழு பிடித்துப்போயிற்று. துணிவும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2004-இல் வாங்கின துணிவை வைத்து இந்த வாரத்தை ஓட்ட முடியாது.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். முதல் உலகப் போரில் ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னை மேல் குண்டு போட்டதையும், ஊரே மூட்டை கட்டி ஓடியபோது ஓடாமல் நின்றவர்களையும். 1914 செப்டம்பர் 22 இரவு. எம்டன் சுட்டது ஏறக்குறைய அரை மணி நேரம். சரி, அதற்கும் முன்னால் 1888-இல் ஸ்காட்லாந்திலிருந்து டாக்டர் மெட்டில்டா மெக்ஃபெயில் என்ற பெண் இந்த ஊருக்கு வந்தார். ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டக் கூசி நம் பெண்கள் வீட்டிலேயே செத்துக்கொண்டிருந்த காலம். அவர் சின்னதாகத் தொடங்கிய வைத்தியம்தான் நம் ராயபுரத்து ரெயினி ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் ரெயினியில் பிறந்தவர்கள்? கை தூக்குங்கள். பாருங்கள், நடுவர் அவர்களே! குண்டுக்கு நின்றவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் வெயிலில், புரியாத பாஷையில், காலையில் எழுந்து அடுத்த நோயாளியைப் பார்க்கப் போவதற்கு எந்தத் துணிவு வேண்டும்? அதைப் பார்த்து யாரும் கை தட்டியிருக்க மாட்டார்கள்.

நம் வாலிபப் பிள்ளைகளுக்காக ஒன்று. பேதுரு மாட்டிக்கொண்டது எதனால்? ‘உன் பேச்சு உன்னை வெளிப்படுத்துகிறது’ என்றார்கள். கலிலேயாப் பேச்சு. எருசலேம்காரர்களுக்கு அது மட்டமான பேச்சு. தம்பிகளே, இது உங்களுக்கு நடந்திருக்கிறதா, இல்லையா? ஓ.எம்.ஆர். ரோட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போகிறீர்கள். வாயைத் திறந்ததும் “எந்த ஏரியா?” என்று கேட்கிறார்கள். காசிமேடு என்று சொல்ல வாய் வராமல் ‘பாரிஸ் கார்னர் பக்கம்’ என்கிறீர்கள். என் மகனும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தான். வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் திட்டவில்லை. யோவான் முதல் அதிகாரத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். நாசரேத்திலிருந்து ஏதாவது நன்மை வருமா என்று நாத்தான்வேல் கேட்கிறான். அந்தக் கேள்வியை நம்மைப் பார்த்து எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! ஆனால் ஆண்டவர் அந்த ஊர்ப் பேரை மறைத்தாரா? சிலுவையில் அவர் தலைக்கு மேலே எழுதி வைத்த பலகையிலும் ‘நசரேயனாகிய இயேசு’ என்றுதானே இருந்தது. அடுத்த இன்டர்வியூவில் மகன் “காசிமேடு, சார். எங்க ஆயா மீன் வித்தாங்க” என்று சொல்லியிருக்கிறான். வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள், இன்னும் பதில் வரவில்லை. அன்று ராத்திரி அவன் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான், அது எனக்குத் தெரியும்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிடம், நடுவர் அவர்களே. கடைசியில் சொல்கிறேன் என்று சொன்னதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

நான் மண்ணடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். போன மாதக் கணக்கில் 4,200 ரூபாய் குறைந்தது. வசூலுக்குப் போகும் தம்பி மேல் சந்தேகம் விழுந்தது. சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அவன் நம் சபைப் பிள்ளை இல்லை, கொருக்குப்பேட்டையில் அம்மாவோடு இருக்கிறான். வியாழக்கிழமை நான் பழைய பில்லைப் புரட்டிக்கொண்டிருந்தபோது தெரிந்தது, தப்பு என்னுடையது. ஒரு பில்லை இரண்டு தடவை ஏற்றியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை முதலாளி என் மேசைப் பக்கம் வந்து, “எல்லாம் சரியா இருக்காம்மா?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் “சரியா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை அந்தத் தம்பி எனக்கு டீ வாங்கிவந்து வைத்தான். என்னால் குடிக்க முடியவில்லை.

கடலுக்குப் பயப்படாத நான் ஒரு மேசைக்குப் பக்கத்தில் விழுந்தேன். இந்த மூன்று நாளும் பேதுருவோடுதான் இருக்கிறேன்.

யோவான் எழுதினதில் கரிநெருப்பு இன்னொரு இடத்திலும் வருகிறது. ஆண்டவர் உயிர்த்தெழுந்த பிறகு, விடியற்காலையில், கடற்கரையில். ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்காமல் களைத்துப்போய்ப் பேதுரு கரைக்கு வருகிறார். அங்கே ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, அதன் மேல் மீன் வைத்திருக்கிறார். முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். பிறகுதான் ‘நீ என்னை நேசிக்கிறாயா’ என்ற கேள்வி. அதுவும் மூன்று தடவை. பேதுரு மறுதலித்தது எத்தனை தடவையோ, அத்தனை தடவை பதில் சொல்ல இடம் கொடுக்கிறார்.

நாளைக்குத் திங்கள்கிழமை. கடை திறப்பது ஒன்பதரை மணிக்கு. முதலாளி வந்ததும் முதலில் அந்த பில்லைக் காட்டப் போகிறேன், அந்தத் தம்பியையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு. கை நடுங்கும். ஒன்பதரை மணிக்கு உங்களில் யாருக்காவது ஞாபகம் வந்தால் எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி, நடுவர் அவர்களே.