கடைசி ஏடு இல்லாத கிரேக்கச் சுவடி

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கத் தோல்சுவடி ஒன்று இருக்கிறது. ஆய்வாளர்கள் அதை 2814 என்னும் எண்ணால் குறிக்கிறார்கள். புதிய ஏற்பாட்டின் இறுதி நூலான வெளிப்படுத்தின விசேஷமும், அதற்குக் கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவின் பேராயர் அந்திரேயா எழுதிய உரையும் அதில் உள்ளன. முடிவிலிருந்த ஏடு காணாமல் போனதால், 22ஆம் அதிகாரத்தின் கடைசி ஆறு வசனங்கள் அதில் இல்லை.

இந்தக் குறை பெரிதாகப் பேசப்படுவதற்குக் காரணம் எராஸ்மஸ் என்னும் டச்சு அறிஞர். 1516இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஃப்ரோபன் அச்சகத்தின் வழியாகக் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அவர் வெளியிட்டபோது, நற்செய்தி நூல்களுக்குப் பாசலிலேயே சுவடிகள் கிடைத்தன. வெளிப்படுத்தின விசேஷத்திற்கோ, எபிரேய அறிஞர் ராய்க்லினிடமிருந்து இரவல் பெற்ற இந்த ஒரே சுவடிதான் கையில் இருந்தது. ஸ்பெயினில் 1514இலேயே அச்சாகி, வெளியிட அனுமதி கிடைக்காமல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் இன்னொரு பதிப்பு காத்திருந்தது. பாசலிலோ வேலை மிகுந்த அவசரத்தில் நடந்தது. விடுபட்ட வசனங்களை எராஸ்மஸ் இலத்தீன் பைபிளிலிருந்து தாமே கிரேக்கத்தில் பெயர்த்து நிரப்பினார். அப்படிச் செய்ததை அவரே பின்னர் ஒப்புக்கொண்டதால், இதை மோசடி என்று சொல்வது நியாயமன்று. ஆனால் அச்சிட்ட பக்கத்தைப் பார்ப்பவருக்கு, எது சுவடியின் வாசகம், எது எராஸ்மஸின் கிரேக்கம் என்று தெரிய வழியில்லை.

விளைவு 19ஆம் வசனத்தில் தெளிவாகத் தெரிகிறது. கிரேக்கச் சுவடிகள் அங்கே 'ஜீவ மரம்' என்கின்றன. மரத்தைக் குறிக்கும் 'லிக்னோ', புத்தகத்தைக் குறிக்கும் 'லிப்ரோ' என்னும் இரண்டு சொற்களும் இலத்தீன் பிரதிகளில் மயங்கியிருந்தமையால், எராஸ்மஸின் கிரேக்கத்தில் புத்தகமே இடம்பெற்றது. 1527ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்பானியப் பதிப்பைக் கொண்டு அவர் இந்நூலைப் பல இடங்களில் திருத்தியும், இந்த இடம் திருந்தவில்லை. அவர் வழிவந்த அச்சுப் பதிப்புகளைப் பின்பற்றும் நம் பழைய தமிழ் வேதாகமத்திலும் இன்றளவும் 'ஜீவபுஸ்தகம்' என்றே இருக்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் என்னும் தமிழ் மொழிபெயர்ப்பில் மரம் என்று காணலாம்.

அச்சு வேலை முடிந்தபின் இச்சுவடி எங்கே போயிற்று என்று நெடுங்காலம் அறிஞர்களுக்குத் தெரியவில்லை. 1861இல் பிரான்ஸ் டெலிட்ச் என்னும் ஜெர்மன் அறிஞர், ஏட்டிங்கன்-வாலர்ஸ்டைன் பிரபுக்களின் நூலகத்தில் இதைக் கண்டெடுத்து, எராஸ்மஸின் அச்சு வாசகத்தோடு ஒப்பிட்டார். நம் ஓலைச்சுவடிகளில் மூலமும் உரையும் இடைவெளியின்றித் தொடர்வதைப் போல, இதிலும் அந்திரேயாவின் உரை மூலத்தோடு கலந்து வருகிறது. அச்சுக்காகப் படியெடுத்தவர் இரண்டையும் பிரித்தறியத் தடுமாறியிருக்கிறார். ஆகவே அந்தப் பதிப்பின் பிழைகள் அனைத்திற்கும் தொலைந்த ஏட்டையே காரணம் சொல்ல முடியாது. அவற்றில் சில, சுவடியில் சரியாகவே எழுதப்பட்டிருந்தும் படியெடுத்தபோது நேர்ந்தவை.