வாத்தியார் வைத்துக் கற்ற சிரிப்பு

நடுவர் அவர்களே, வணக்கம். 'பழைய ஹாலிவுட் நட்சத்திரங்களின் நகைச்சுவை பிறவி வரமா, பழகிய தொழிலா?' என்ற தலைப்பில், பழகிய தொழில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மா, "கேரி கிராண்டைப் பாருங்கள், அந்த முகத்துக்குப் பயிற்சி வேறு வேண்டுமா?" என்று கேட்டார்கள். முகம் வரம்தான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் கொஞ்சம் ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து யாரம்மா சிரித்தார்கள்? 1938-ல் வந்த 'பிரிங்கிங் அப் பேபி'யில் அவர் ஒரு ஆலிவ் காயில் வழுக்கித் தன் தொப்பி மேலேயே விழுகிறாரே, அதற்குத்தான் சிரித்தார்கள். அப்படி விழ எங்கே படித்தார்? பிரிஸ்டலில் ஆர்ச்சிபால்ட் லீச் என்ற பெயரில் பிறந்த பையன், பதின்வயதில் கரணம் போடும் கோஷ்டி ஒன்றில் சேர்ந்தான். 1920-ல் அவர்களோடு நியூயார்க் போனான். அங்கே மரக்கால் கட்டி நடந்தும் வயிற்றைக் கழுவினான். விழுந்து விழுந்து கற்றதுதான் ஐயா அந்த நளினம்!

அதே படத்தில் கேத்தரின் ஹெப்பர்ன். அதற்குள் ஆஸ்கர் வாங்கியவர். நடிப்பு வரம் என்றால் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்திருக்க வேண்டும். என்ன நடந்தது? சிரிக்க வைக்க வேண்டுமே என்று அவர் படாத பாடு படப் பட, காட்சி சப்பென்று போனது. இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. கடைசியில் வால்டர் கேட்லெட் என்ற பழைய மேடை நகைச்சுவைக்காரரைக் கூட்டி வந்தார். கேட்லெட், ஹெப்பர்னின் பாத்திரத்தைத் தானே ஏற்றுக் கிராண்டோடு நடித்துக் காட்டினார். கேலி இல்லை, கண்சிமிட்டல் இல்லை. தலைபோகிற காரியம் போல அத்தனை சீரியஸாக! ஹெப்பர்னுக்கு அங்கேதான் பிடிபட்டது. அப்புறம் அவர், இந்த மனிதரை அனுப்பாதீர்கள் என்று பிடிவாதம் பிடித்தார். படத்தில் போலீஸ்காரராக வருகிறாரே, அவர்தான் நம் வாத்தியார்.

இன்னொருவர், "டைமிங்கைக் கற்றுத்தர முடியுமா?" என்றார். கற்றுத்தரலாம், கடிகாரம் வைத்து அளக்கவும் செய்யலாம். மார்க்ஸ் சகோதரர்கள் என்ற நகைச்சுவைக் கோஷ்டி 1935-ல் 'எ நைட் அட் தி ஆப்பரா' எடுப்பதற்கு முன், அதன் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் போட்டுப் பார்த்தார்கள். எந்த வசனத்துக்குச் சிரிப்பு எத்தனை நொடி நிற்கிறது என்று குறித்துக்கொண்டுதான் கேமரா முன் வந்தார்கள்.

1959-ல் 'சம் லைக் இட் ஹாட்'. பெண் வேடத்தில் இருக்கும் ஜாக் லெமன், தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று டோனி கர்ட்டிஸிடம் சொல்லும் காட்சி. தியேட்டர் சிரிக்கிற சிரிப்பில் அடுத்த வசனம் காதில் விழாதே! இயக்குநர் பில்லி வைல்டர், லெமன் கையில் மரக்காஸ் என்ற கிலுகிலுப்பையைக் கொடுத்தார். ஒரு வசனம், கொஞ்சம் கிலுகிலு, அடுத்த வசனம். நாம் சிரித்து முடிக்கும் வரை அவர் ஆட்டிக்கொண்டே இருப்பார். வரம் எங்கே ஐயா இருக்கிறது? கிலுகிலுப்பையிலா?

'சித்திரமும் கைப்பழக்கம்' என்று தொடங்கும் வெண்பா, நட்பையும் தயையையும் கொடையையும்தான் பிறவிக் குணம் என்கிறது. நகைச்சுவை அந்தப் பட்டியலில் இல்லை, நடுவரே!

மணி அடித்துவிட்டீர்கள், சரி. எதிரணித் தலைவர் அடுத்து மர்லின் மன்றோவைக் கொண்டுவருவார், கண்ணிலேயே தெரிகிறது. தாராளமாக வரட்டும். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: கையில் ஆஸ்கர் இருந்தும் ஹெப்பர்ன் ஏன் வாத்தியாரை விடவில்லை?